இருபத்தாறு டன் பாப்பா

அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே இருக்கிற சந்தில் ஒரு குழந்தைகூட விழுந்து காணாமல் போய்விடக் கூடாதே என்று மேலிடம் கவலைப்பட்டது. நியாயமான கவலைதான். அங்கன்வாடிக்குத் தெரிந்த குழந்தையை ரேஷன் கடைக்குத் தெரியாது. ரேஷன் கடைக்குத் தெரிந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. ஆகவே குழந்தைகளின் பதிவுகளை எல்லாத் துறைகளோடும் இணைத்து, 'அனைத்துத்துறை மழலையர் ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புப் பெருந்திட்டம்' என்று பெயரும் சூட்டி, குத்துவிளக்கும் ஏற்றியாயிற்று. விளக்கேற்றிய திட்டத்தில் தப்பு வராது என்பது ஐதீகம்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த அனிதாவுக்கு இந்த மங்களச் செய்தி எட்டவில்லை. வழக்கம்போல் சத்துமாவு வாங்க, மூன்று வயது மகள் யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனாள். பெரியநாயகி டீச்சர் செல்போனைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடியும் செல்போனைப் பார்த்தார்.

"பாப்பாவுக்கு மாவு நிறுத்தியாச்சு கண்ணு."

"ஏனுங் டீச்சர்?"

"எடை கூடிப் போச்சாம்."

"போன மாசம் பன்னண்டு கிலோதானுங்களே இருந்தா?"

"இப்ப இருபத்தாறு டன்னுன்னு காட்டுதும்மா. உடல் பருமன், கவனிக்கவும்னு செவப்புல வேற எழுதியிருக்குது."

அந்த இருபத்தாறு டன் அப்போது அனிதாவின் தாலிக் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்தில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிற ரிக் வண்டி வாங்கினால் வீட்டுக் குழந்தையின் பெயரைத்தான் வைப்பார்கள். அனிதாவின் புருஷன் மாரியும் அப்படித்தான் வைத்தான். அனிதா ஆஸ்பத்திரியில் மகளைப் பெற்ற அன்றைக்கு அவன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நின்று வண்டியைப் பதிவு செய்துகொண்டிருந்தான். பிறகு மகளுக்கு யாழினி என்றும், வண்டிக்கு யாழினி போர்வெல்ஸ் என்றும் ஒரே பந்தியில் பெயர் சூட்டி, ஒரு விருந்துச் செலவை மிச்சம் பிடித்தான். இணைப்பு இயந்திரம் பார்த்தது. பெயர் ஒன்று, அப்பன் ஒன்று, வீடு ஒன்று, தேதியும் ஒன்று. போர்வெல்ஸ் என்பது குடும்பப் பெயராக இருக்கும் என்று முடிவு கட்டி, இரண்டையும் ஒரே குழந்தையாக்கிவிட்டது.

மறுநாளே ஒருங்கிணைப்பு அலுவலர் மதியழகன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். செருப்பை வாசலிலேயே விட்டார், தண்ணீர் வாங்கிக் குடித்தார், பிறகுதான் குற்றச்சாட்டுகளை வாசித்தார்.

"உங்க பாப்பா நடுராத்திரியில சத்தீஸ்கர்ல வேலை செஞ்சிருக்குதுங்க. குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி குத்தம். வேகமா ஓடி அபராதமும் கட்டியிருக்குது. சின்னப் புள்ள, ஓடத்தான் செய்யும், அதை நான் பெருசா எடுத்துக்கலீங்க. ஆனா பாலுக்குப் பதிலா டீசல் குடுக்கறீங்களே, ஏம்மா?"

"சார், அது வண்டிங்க!"

"பதிவுல குழந்தைன்னுதானுங்க இருக்குது."

"குழந்தை இந்தா என் மடியில உக்காந்திருக்குதுங்களே!"

"எனக்கும் அதுதானுங்க கவலை." மதியழகன் குரலைத் தாழ்த்தினார். "யாழினி இப்ப ராய்ப்பூர்ல இருக்குதுன்னு மிசின் சொல்லுது. அப்ப இது ஆரு பெத்த புள்ளைங்க?"

அனிதா குழந்தையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அடையாளம் தெரியாத குழந்தையைக் காப்பகத்தில் சேர்ப்பதுதான் விதி என்றார் அவர். ஒரு வாரத்துக்குள் ராய்ப்பூர் யாழினியைத் தகப்பனோடு நேரில் ஆஜர்படுத்தினால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் வேன் வரும்.

அனிதா புருஷனுக்குப் போன் போட்டாள். மாரி எப்போது பேசினாலும் "இந்த ஒரு போர் முடிஞ்சதும் வாரேன்" என்பான். காதுகுத்துக்கு அப்படித்தான் சொன்னான், குழந்தை காய்ச்சலில் கிடந்தபோதும் அப்படித்தான். அந்த ஒரு போர் மூன்று வருஷமாக முடிந்தபாடில்லை. பாதாளத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டதோ என்னவோ.

"புள்ளையக் காப்பகத்துக்குக் கொண்டுபோறாங்களாமுங்க."

"சாரு கிட்டத் தன்மையாப் பேசிப் பாரு புள்ள. இந்த ஒரு போர் முடிஞ்சதும்…"

"வண்டியையும் புடிச்சு வெச்சுக்குவாங்களாமா."

"இப்பவே கெளம்பறேன்!"

அனிதா போனை வைத்துவிட்டு ஒரு மூச்சு அழுதாள். கோபத்தில் வந்த அழுகைதான்.

கெடு முடிவதற்குள் ரிக் வண்டி வந்து, அங்கன்வாடித் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. மாரி இறங்கி, "வா சாமி" என்று இரண்டு கையையும் நீட்டினான். யாழினி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள்.

"அப்பா போனுக்குள்ளதான இருப்பாரு?" என்று கேட்டாள்.

மாரி நீட்டிய கையை மடக்கி, வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான்.

மதியழகன் மேசை போட்டு உட்கார்ந்தார். மாரி பெருமையோடு வண்டியின் ஆவணங்களை அடுக்கினான். முழங்கை உயரத்துக்கு வந்தது. அனிதா குழந்தையின் தடுப்பூசி அட்டையை வைத்தாள். அதிலும் ஒரு மூலையைக் குழந்தை கடித்துத் தின்றிருந்தது. கூட்டம் உச்சுக்கொட்டியது. பேப்பரை வைத்துப் பார்த்தால் வண்டிதான் குழந்தை என்று நின்றவர்களுக்கே தோன்றிவிட்டது.

அலுவலர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வண்டியின் புகைச் சான்று காலாவதி. தகுதிச் சான்றான எஃப்.சி.யும் காலாவதி. இன்ஷூரன்ஸும் அதே கதி. தடுப்பூசி அட்டையில் ஒரு ஊசிகூட விடுபடவில்லை. மழையென்றும் பாராமல் அனிதா நடந்துபோய்ப் போட்டு வந்த ஊசிகள் அவை.

"உயிருள்ள ஆவணம் எதுக்கு இருக்குதோ, அதுதானுங்க உயிருள்ள குழந்தை" என்று தீர்ப்புச் சொன்னார் மதியழகன். "இந்தப் பாப்பாதான் யாழினி."

அனிதா குழந்தையை அள்ளிக் கட்டிக்கொண்டாள். பெரியநாயகி டீச்சர் அந்த இடத்திலேயே சத்துமாவைக் கொடுத்தார்.

"அப்ப நான் கெளம்பட்டுங்களா சார்?" என்றான் மாரி, வண்டிக் கதவில் கை வைத்தபடி.

"நில்லுங்க. அந்தக் குழந்தையோட கேசு இன்னும் முடியலீங்களே."

"அது வண்டின்னு இப்பத்தானுங்களே முடிவாச்சு!"

"யாழினி இல்லைன்னுதானுங்க முடிவாச்சு. பதிவுல ஏறின குழந்தையை நீக்க எனக்கு அதிகாரமில்லை. சேக்க மட்டுந்தான். காலாகாலத்துல ஒரு ஊசியும் போடலை, ராத்திரி பகல்னு வேலை வாங்கியிருக்கீங்க. இது பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைங்க."

அப்படியாக, ரிக் வண்டி காப்பகத்துக்குப் போயிற்று. பதினெட்டு வயது நிறையும்வரை அங்கேதான் இருக்கும் என்று உத்தரவு. அங்கே மரத்தடியில் நிறுத்தியிருக்கிறார்கள். வேளாவேளைக்கு வருகைப் பதிவும் உண்டு.

மாரி இப்போது ஊரில்தான் இருக்கிறான். ஆனால் பார்வையாளர் நேரம் தவறாமல் காப்பகத்துக்குப் போய்விடுகிறான். டயரைத் தடவிக் கொடுக்கிறான். ராத்திரி மழையில் நனைந்ததா என்று வாட்ச்மேனிடம் விசாரிக்கிறான். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவதில்லை. யாழினி தூர நின்று, போனிலிருந்து வெளியே வந்துவிட்ட அந்த ஆளை வேடிக்கை பார்க்கிறாள்.

தொடர் கண்காணிப்புக்காக மதியழகன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அனிதா தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்:

"எல்லாத்தையும் எல்லாத்தோடயும் இணைக்கறீங்களே சார். இந்த மனுசனை இந்த ஊட்டோட இணைக்க உங்க மிசின்ல வழி இருக்குதுங்களா?"

மதியழகன் கேள்வியை மதித்து, செல்போனில் வெகுநேரம் மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

"இல்லீங்கம்மா. அது வேற துறைங்க."

அவர் சொல்லி முடிக்கவும் கையிலிருந்த செல்போன் அடித்தது. திரையில் ஒரு சின்னப் பெண் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். மதியழகன் அதைக் காதில் வைத்து, மறுமுனை பேசுவதற்குள் சொன்னார்:

"இந்த ஒரு ஊடு முடிஞ்சதும் வாரேன் சாமி."