மரகதத்துக்கு மருந்து வைத்த கதை

நாட்டின் பழைய விஞ்ஞானப் பெருமைகளை மாலை ஏழு மணிக்கு வீடுதோறும் கொண்டுசேர்ப்பது என்று மேலிடத்தில் முடிவானது. அந்த முடிவு பல மேசைகளைத் தாண்டி, கோவில்பட்டி பசுவந்தனை ரோட்டில் சீனித்தாய் வீட்டுக்கு வந்து காலிங் பெல்லை அடித்தது.

வந்தவர் சீரியல் டைரக்டர் ஹரிகிருஷ்ணன், சென்னைக்காரர். சீனித்தாயின் அப்பா கோபாலசாமி யுத்த காலத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர். சிப்பாய்கள் மழையில் நனைந்தாலும் பத்துகிற தீக்குச்சி செய்ய வேண்டுமென்று எட்டு மாதம் மல்லாடி, பட்ட பாட்டையெல்லாம் பென்சிலால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டு சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

"அப்பா பேரு நல்லபடியா வரணும் தம்பி. அவ்வளவுதான் கேக்கேன்," என்று நோட்டுக்குத் திருநீறு பூசிக் கொடுத்தாள் சீனித்தாய்.

"கவலையே படாதீங்கம்மா. அரசாங்கச் சான்றிதழோடதான் வரும்."

மூன்றாம் மாதம் படப்பிடிப்பு பார்க்கப் போனாள். ஒரு பழைய பருத்திக் கிடங்கு. நோட்டில் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று இருந்ததால் உள்ளே மேசை, நாற்காலி, டைப்ரைட்டர் எல்லாம் போட்டிருந்தார்கள்.

"எங்க ஊருல தீப்பெட்டி செய்யுத எடத்துக்கே ஆபீசுன்னுதான் தம்பி பேரு," என்றாள். யார் காதிலும் விழவில்லை. நடுவில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் கண்ணீர் வடித்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு தம்பி இந்தப் புள்ள?"

"மரகதம். உங்க அப்பாவோட ரெண்டாவது சம்சாரம்."

டைரக்டர் நோட்டைப் பிரித்து வாசித்தார்: "'செவ்வாய். மரகதத்துக்கு மருந்து வைத்தேன். பத்தலை. நாளைக்குக் கூட வைக்கணும்.' பாருங்க, விஷம் பத்தலைன்னு மறுநாளும் வச்சிருக்கார்!"

"அட முருகா! மரகதம்ங்கது தீப்பெட்டி லேபிளு தம்பி. குச்சி முனையில வைக்கோம்லா, அதுக்குப் பேருதான் மருந்து. பத்தலைன்னா தீப்பிடிக்கலைன்னு அர்த்தம்."

டைரக்டர் நோட்டை மூடினார். "விஞ்ஞானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா லேபிளுக்கு அழத் தெரியாதேம்மா."

அங்கே, அரசாங்கம் அனுப்பிய வரலாற்றுத் துல்லிய உறுதிப்பாட்டு அலுவலர் இராமச்சந்திரன், பூதக்கண்ணாடி வைத்து ஒரு சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் நாலு ஓட்டை இருந்தது. அவர் கணக்குப்படி அந்தக் காலத்தில் ரெண்டுதான். மூன்று நாளாகப் படப்பிடிப்பு நின்றதும் அதனால்தான்.

"ஐயா, பொத்தான் கெடக்கட்டும். எங்க அப்பாவுக்கு ரெண்டாந்தாரமே கெடையாது."

"அம்மா, பொருள்களின் உண்மை என் பிரிவு. உறவுகளின் உண்மை இரண்டாம் பிரிவு. அந்தப் பணியிடம் காலி."

"காலின்னா?"

"அங்கிருந்து ஆட்சேபணை வராது. ஆட்சேபணை இல்லாதது உண்மை. சரி, நோட்டில் உள்ளது உங்கள் தகப்பனார் கையெழுத்துதானே?"

"ஆமா, ஆனா…"

"'ஆமா' பதிவு செய்யப்பட்டது."

சீரியல் ஓட ஆரம்பித்தது. முதலில் சான்றிதழ், பிறகு ரெண்டு ஓட்டைப் பொத்தான், அப்புறம் விஷம். நாற்பது நாளில் கோபாலசாமி ஏழு தடவை மருந்து வைத்துவிட்டார். சீனித்தாய் கோயிலுக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா பேரைக் காப்பாற்ற அரசாங்கத்துக்கு ஒரு மனு எழுதி, பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவிடம் முதல் கையெழுத்துக் கேட்டாள்.

"போடுதேன்க்கா. மொதல்ல சொல்லுங்க, மரகதம் பொழச்சிக்கிடுவாளா?"

"அவ லேபிளு, மெஹரு!"

"லேபிளா இருந்தாலும் பொம்பளப் புள்ளைல்லாக்கா. அதையும் ஒரு வரி எழுதுங்க."

அந்த வரியைச் சேர்த்த பிறகுதான் தெருவே கையெழுத்துப் போட்டது. சீனித்தாய் செண்பகவல்லி அம்மனுக்கு வெள்ளிதோறும் விளக்குப் போட்டாள். அப்பா பேருக்கென்று ஆரம்பித்த வேண்டுதலில் நாளடைவில் மரகதமும் சேர்ந்துகொண்டாள். பாவம், அந்த அழுகையைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

பதில் வந்தது. 'தங்கள் கோரிக்கை பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது. மரகதம் உயிர் பிழைப்பார். தகப்பனார் தொடர்பான பத்தி இரண்டாம் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

"அம்மா தாயே, காப்பாத்திட்ட!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட சீனித்தாய் பாயசம் வைத்து, சூட்டோடு ஒரு டம்ளரில் ஊற்றி மெஹருன்னிசாவுக்குக் கொண்டுபோனாள்.

மெஹருன்னிசா டம்ளரை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. டம்ளரையும் பார்த்தாள், கோபாலசாமி மகளையும் பார்த்தாள்.

"என்னட்டி, சூடா?"

"அதுக்கில்லக்கா… நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுத் தாங்களேன்."

சீனித்தாய்க்குச் சுருக்கென்றது. முப்பது வருசப் பழக்கம். வெடுக்கென்று டம்ளரைப் பிடுங்கி, குடித்தே காட்டுகிறேன் பார் என்று அண்ணாந்தாள். மருந்து வைத்த அப்பா கை ஆயிற்றே, தன் கைக்கும் அது கொஞ்சம் வந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது.

டம்ளரை இறக்கி, ஒரு தடவை மோந்து பார்த்துக்கொண்டாள்.