கிளிஞ்சல் போட்டாச்சா?

ஆயிரத்து ஐந்நூறு கோழிகளை ஒரே ஒரு வரியால் படுக்கவைத்தவன் நான். வேறு யாராவது எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுவதுதான் மரியாதை.

எண்பதுகளின் கடைசியில் பெங்களூரில் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தேன். (எங்கள் சொந்தத்தில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் கை. அந்தப் பெருமையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கில்லை.) கிணறு வற்றி வெள்ளாமை கைவிட்ட பிறகு, நாமக்கல் பக்கம் என் தாய்மாமாவுக்கு ஒரே பிழைப்பு கோழிப்பண்ணை. அவருக்காகத் தீவனக் கலவை புரோகிராம் எழுதினேன். மக்காச்சோளம் எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு, முட்டை ஓடு கெட்டிப்படக் கிளிஞ்சல் எவ்வளவு என்று அது சொல்லும்.

லீவில் வந்து, சூரமங்கலத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருந்த டாஸ் கம்ப்யூட்டரில் அதை ஏற்றினேன். கம்பைலர் அறுபது பிழை காட்டியது. இரண்டு நாளில் அறுபதையும் களைந்தேன். மிச்சம் லிங்க்கரின் ஒரே புகார். (புரோகிராமின் துண்டுகளைச் சேர்த்துக் கட்டுவது லிங்க்கரின் வேலை.) பின்னத்தை முழு எண்ணாக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்று யூனிக்ஸில் கூடவே வரும். டாஸில் அது இல்லை. அப்படி ஒன்றை எங்கே தேடுவேன் என்று லிங்க்கர் கைவிரித்தது.

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று மாமா வாசலில் நின்றார். அதே பெயரில் காலியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எதைக் கொடுத்தாலும் பூஜ்யம் தரும். அப்புறம் சரிசெய்யலாம் என்று நினைத்தேன். லிங்க்கர் வாயை மூடியது, நானும் மறந்துபோனேன்.

அச்சடித்த தாளுக்கு மாமா மஞ்சள் வைத்துத் தீவன அறையில் ஒட்டினார். கலவை போடும் கருப்பண்ணன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வந்து, ஓரிடத்தில் நின்றார்.

"ஏனுங்க தம்பி, கிளிஞ்சலுக்கு சைபர் போட்டிருக்குதுங்களே?"

பார்த்தேன். சைபர்தான். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது புது முறைங்க. சத்தெல்லாம் சோளத்துலயே வந்துரும்" என்றேன்.

"மாப்ள பெங்களூர்ல இருக்கறவன். அவஞ் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

பெங்களூர் திரும்பிப் பத்து நாளில் தந்தி வந்தது. ஓடினேன். கூடை கூடையாகத் தோல்முட்டை. தொட்டால் விரலுக்கு அமுங்கின. கூண்டுக்குள் பார்க்கும்வரை எனக்குச் சிரிப்புகூட வந்தது. கோழிகள் கால் ஊன்ற முடியாமல் கிடந்தன.

"ஓட்டுக்கு வேணுங்கறத அதுக எலும்புல இருந்து எடுத்துக் குடுத்திருக்குதுங்க தம்பி" என்றார் கருப்பண்ணன்.

புரோகிராமை எடுத்துப் பார்த்தேன். பண்ணையில் கிளிஞ்சலை மட்டும் முழுக்கிலோவாக அளந்து போடுவார்கள். அந்தக் காலி ஃபங்ஷனை நான் கூப்பிட்டிருந்ததும் அந்த ஒரே இடத்தில்தான். புது முறை என்று புளுகியதையும் சேர்த்து மாமாவிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை.

"தெரியலீன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, சாமி" என்றார்.

கருப்பண்ணன் கணக்கில்லாமல் கைநிறையக் கிளிஞ்சல் அள்ளிப் போட்டார். பெரும்பாலான கோழிகள் எழுந்தன. எழாதவற்றை நானும் அவரும் குழிவெட்டிப் புதைத்தோம்.

என் கல்யாணத்தில், சீர் செய்துவைத்த அருமைக்காரர் "எல்லாம் தயாருங்களா?" என்றார். தயார் என்றேன். கூட்டத்துக்குள்ளிருந்து மாமாவின் குரல் வந்தது.

"கிளிஞ்சல் போட்டாச்சா, மாப்ள?"

மண்டபமே சிரித்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் எதை முடித்துவிட்டேன் என்றாலும் இந்தக் கேள்விதான். கோழி எது, கொக்கு எது என்று தெரியாத என் மகள்கூடக் கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எழுந்துபோய் ஒருமுறை சரிபார்த்துவிட்டு வந்து.