என் வண்டி, நானே இறக்குவேன்

"ஒரு விரல் படப்படாது, சொல்லிட்டேன்!" என்று டெம்போவின் மேல் நின்று கத்தினார் வைத்தீஸ்வரன்.

பாலக்காட்டு மச்சினரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்திருந்தது. டெம்போவுக்குக் கீழே, தோளில் துண்டோடு, சுமை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நாலு பேர். இந்தத் தெருவில் தலையணையே வந்தாலும் சங்கத்து ஆள்தான் இறக்க வேண்டும். போன வருஷம் அவருடைய சொந்தக் கட்டிலை அவரையே தொட விடவில்லை; அது மழையில் நனைந்தது. அந்த அவமானம் இன்னும் அவருக்கு ஆறவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார்.

"நாங்க சும்மா நிக்கறோம் சாமி," என்றான் சங்கத் தலைவன் நாணு. பக்கத்தில் சங்கத்து மூத்த ஆள் அபூபக்கர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு சீக்கிரம் பயந்துவிட்டார்களா! வைத்தீஸ்வரனுக்கு மார்பு விரிந்தது. ஒரு பலகையை டெம்போவிலிருந்து தெருவுக்குச் சாய்த்தார்.

"பலகை குட்டையாக்கும் சாமி. செங்குத்தா நிக்கறது," என்றான் நாணு.

"ஒன்னைக் கேட்டேனா?"

முன்சக்கரம் பட்டதும் பலகை நழுவித் தெருவில் விழுந்தது. வண்டியின் வயிறு டெம்போ விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. மூச்சைப் பிடித்துத் தனியாளாகப் பின்னால் இழுத்தார். வண்டி வந்தது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாணு தொண்டையைக் கனைத்தான். "நீளப் பலகை நம்ம ஷெட்டில உண்டு."

"உங்க பலகை யாருக்கு வேணும்?"

நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனவர், ஒரு கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே மனைவி சீதாலக்ஷ்மி ஓடி வந்தாள்.

"ஏன்னா, அது அடுக்களைக் கதவு!"

"கதவைத் திரும்ப மாட்டிக்கலாம்டீ. மானம் போனா மாட்ட முடியுமா?"

கதவு நல்ல நீளம், நல்ல கனம். டெம்போவிலிருந்து தெருவுக்குச் சாய்த்ததும் அசையாமல் கிடந்தது.

"சாமி, கியரில போடுங்கோ. கிளட்சை விட்டு விட்டுப் பிடிச்சா மெள்ள எறங்கும். நியூட்ரல்ல மட்டும் விடவேண்டாம்," என்றான் நாணு.

வைத்தீஸ்வரன் அந்த நிமிஷமே நியூட்ரலில் போட்டார்.

வண்டி இறங்கியது. ஹாண்டிலைப் பிடித்திருந்ததால் அவரும் இறங்கினார். டெம்போவின் ஆணியில் மாட்டிய வேஷ்டி மட்டும் மேலேயே தங்கிவிட்டது. நடுவில் கதவு இரண்டாகப் பிளந்தது. வண்டி தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்க் கிடங்கு வாசலில் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளில் போய் முட்டி நின்றது. விளக்குக் கண்ணாடி சிலீரென்று உடைந்தது.

சுக்குப் பொடிக்குள்ளிருந்து அரை டிராயரோடு எழுந்தார் வைத்தீஸ்வரன். நாலு தும்மல் தும்மினார். பிறகு கையை உயர்த்தினார்.

"பாத்தேளா! என் வண்டியை நானே எறக்கினேன்! சங்கமாவது, கிங்கமாவது!"

நாலு பேரும் கை தட்டினார்கள். தோற்றவர்கள் கை தட்டுவது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இந்த நாளுக்காகத்தானே ஒரு வருஷம் காத்திருந்தார்!

"என்னைத் தடுக்க ஒருத்தனுக்காவது தைரியம் வந்துதா?"

அபூபக்கர் பீடியை அணைத்தார். டெம்போவிலிருந்து வேஷ்டியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"தடுக்கறது எதுக்கு சாமி? நேத்தே உங்க வீட்டம்மா வந்து கெஞ்சி உங்களைச் சங்கத்துல சேத்துட்டாங்களே. நாளைக்குக் கொச்சங்காடியில அரிசி லோடு, நேரத்தோட வந்துடுங்க."