அடித்தகடு

வாய்க்குள் விழுந்த துருவைத் துப்பிவிட்டு, பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்த வேலப்பன் கத்தினான்.

"உதிருதய்யா! அப்பளமா உதிருது!"

வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களுக்குப் பக்கத்தில் பழனியப்பன் கங்காணி குந்தினார்.

"கால் மட்டும் தெரிஞ்சிச்சா, போயிட்டியோன்னு நெனச்சேன்."

"போகத்தான் போறேன் கங்காணி. இந்தத் தகடு போச்சுன்னா அன்னைக்கு நானும் போச்சு."

அவன் மிகைப்படுத்தவில்லை. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்ததிலிருந்து, தானா ராத்தா ஊருக்குப் போகும் மலைச்சாலையில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் பள்ளத்தில் பதுங்கிக்கொண்டு, மேலே போகும் வண்டிகளைக் கீழிருந்து சுட்டார்கள். பக்கத்துத் தோட்டத்து டிரைவர் முனியாண்டி அப்படித்தான் செத்தான். சீட்டைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு. ஸ்டீரிங்கிலிருந்து அவன் விரல்களைப் பிரித்தெடுக்கவே ஆள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தன் சீட்டுக்கும் டிரைவர் சீட்டுக்கும் அடியில் கறுப்புச் சாயம் பூசிய தகடு போடச் சொன்னார். வேலப்பன் காய்ச்சலில் படுத்திருந்தபோதே வேலை முடிந்துவிட்டது. எழுந்து வந்து தகட்டைப் பார்த்ததிலிருந்து அவன் பேச்சே மாறிப்போனது. பின்னால் தேயிலைப் பெட்டிகளோடு ஒடுங்கி உட்கார்ந்து வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்துச் சொல்வான்: "உங்களுக்குக் கீழ சாக்கு. எனக்குக் கீழ இரும்பு!"

அந்த இரும்பைத்தான் இப்போது மழையும் பனியும் தின்றுகொண்டிருந்தன.

"கழிவு எண்ணெய் தடவேன்" என்றார் கங்காணி.

"ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி இல்லைன்னுட்டாரு. எல்லாம் பட்டாளத்து லோரிக்குப் போவுதாம்."

"அப்ப தேங்காண்ணெய் தடவு. எங்கப்பன் அருவாளுக்கு அதைத்தான் தடவுவாரு. கடைசி வரைக்கும் துரு அண்டல."

"அருவாளுக்கா, அப்பனுக்கா?"

"ரெண்டுக்கும்தான்லா."

வீட்டில் ரேஷன் எண்ணெய் போத்தல் காலியாக உருண்டதைப் பார்த்து மணியம்மா இடுப்பில் கை வைத்தாள்.

"எண்ணெய் எங்கங்க?"

"தகட்டுக்குப் பூசிட்டேன்."

"அப்ப கொழம்புக்கு?"

"புருஷன் உயிரோட இருந்தாத்தானடி கொழம்பு?"

"எண்ணெயில்லாத கொழம்பைத் தின்னுட்டு உயிரோட இருந்து காட்டுங்க, பாப்போம்."

மறுநாள் வண்டி கிளம்பியதும் கூலிக்காரர்களின் லயத்து நாய்கள் மூக்கைத் தூக்கின. முதலில் ஒன்று பின்னால் ஓடிவந்தது. பிறகு குடும்பம் குடும்பமாக வந்தன. தோட்டத்து கேட்டில் வண்டி நின்றதும், எல்லாம் அடியில் நுழைந்து பக்தியோடு நக்க ஆரம்பித்தன.

கேட்டில் இருந்த மலாய் போலீஸ் சார்ஜன் குனிந்து பார்த்தார். தகட்டில் விரலைத் தேய்த்தார். மோந்தார். நக்கினார்.

"மின்யா கெலாப்பா!"

தேங்காய் எண்ணெய். தோட்டத்திலிருந்து ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது என்று சட்டம் இருந்த காலம் அது. காட்டுக்குள் இருப்பவர்களைப் பட்டினி போட்டே வெளியே இழுப்பதாகத் திட்டம். உணவு கடத்தினால் ஜெயில். அதற்கு மேலும் சர்க்காருக்குக் கோபம் வந்தால், பிறந்த நாள் முதல் பார்க்காத இந்தியாவுக்குக் கப்பல்.

"துருவுக்குத் தடவினேன், துவான்!"

"துருவுக்கா? காட்டுக்குள்ளே இருக்கிறவங்க வழிச்சுத் தின்னத் தடவினியா?" என்று மலாயில் உறுமினார் சார்ஜன்.

"சாமி சத்தியமா துருவுக்குத்தான்! நாயைக் கேட்டுப் பாருங்க!"

நாய்களுக்குப் பேச நேரமில்லை.

வேலப்பன் தானா ராத்தா லாக்கப்பில் குந்தினான். துரை நேரில் வந்து ஜாமீன் சொன்னார்: "இவனை எனக்கு நன்றாகத் தெரியும். கம்யூனிஸ்டாக இருக்க இவனுக்கு மூளை போதாது." வேலப்பன் நன்றியோடு கும்பிட்டான்.

சார்ஜன் ஒரு நிபந்தனை போட்டார். வண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி மிச்சம் இருக்கக் கூடாது. சலவை சோடா கரைத்த கொதிநீரை அவர் கண் முன்னாலேயே ஊற்றிக் கழுவினான். எண்ணெய் போனது. கூடவே இருந்த சாயமும் போனது. அடுத்த மழைக்கே அடிப்பக்கம் முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது.

"முன்னைக்கு இப்ப மோசம்" என்று கங்காணியிடம் அழாக்குறையாகச் சொன்னான்.

"எங்கப்பன் அருவாளைச் சோடாவுல கழுவினதேயில்லையே!"

பிரிஞ்சாங் வளைவில் ரோடு போடுகிறவர்கள் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வேலப்பன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு டின் வாங்கிவிட்டான். "மழையில ரோடே கெடக்குது, தகடு கெடக்காதா?" சந்து பொந்து விடாமல் அப்பினான். தார் வழிந்து மீசையில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் போகவில்லை. மணியம்மா மீசையை வெட்டிவிட்டாள்.

மலைக் குளிரில் தார் காயவில்லை. ஈரப்பிசினாகவே நின்றது.

அந்த நேரம் பார்த்து, பட்டாளத்து விமானம் ஒன்று தாழப் பறந்து, 'சரணடைந்தால் சோறு உண்டு, உயிர் உண்டு' என்ற காகிதங்களைக் காட்டுக்குள் கொட்டிவிட்டுப் போனது. பாதி காட்டில் விழுந்தது. மீதி சாலையில். வேலப்பன் அதன்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு பிரிஞ்சாங்குக்கு வந்து சேர்ந்தான்.

மூசாவின் சாப்பாட்டுக் கடை முன்னால் பிரேக் போட்டபோது, வண்டியின் வயிறு முழுக்க மீன் செதில் மாதிரி காகிதம் படபடத்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார்கள்.

மூசா கரண்டியோடு ஓடிவந்தார்.

"அல்லாவே! வேலப்பா, கவர்மெண்டுக்குப் பிரசார வண்டி ஓட்டுறியா?"

"ஐயோ பாய், தானா ஒட்டிக்கிச்சு!"

"அதைக் காட்டுல இருக்கிறவன்கிட்டச் சொல்லு. அவன் குண்டு மொதல்ல வரும், கேள்வி அப்புறம் வரும். எடு வண்டியை! உன்னைச் சுடுறவன் என் பரோட்டாக் கல்லையும் சேத்துச் சுடுவான்."

தோட்டத்து கேட்டுக்குத் திரும்பியபோது சார்ஜன் முதன்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தார். தோளில் தட்டி, "பாகுஸ்! நல்ல அரசாங்க ஆள்!" என்றார். கேட்டில் நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. காட்டுக்கும் கேட்டிருக்கும் என்று வேலப்பனுக்குத் தோன்றியது.

கேட்டிருந்தது. அடுத்த நாள் பெட்டி ஏற்றிக்கொண்டு போகும்போது, பனி மூடிய பள்ளத்திலிருந்து ஒரே ஒரு வெடிச்சத்தம். பின் சக்கரம் வெடித்து வண்டி சரிவை நோக்கி இழுத்தது. ஒரு தேயிலைப் புதரில் முட்டி நின்றது. அதே குண்டில், பின்னால் பெட்டிகளோடு இருந்த பழனியப்பன் கங்காணியின் தலைப்பாகையிலும் ஓட்டை. உள்ளே தலை முழுசாக இருந்தது. அவர் ஓட்டைக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். அப்பன் அரிவாள் ஞாபகம்கூட வரவில்லை.

வேலப்பன் சீட்டைத் தட்டிக் கொடுத்தான். "இரும்பு தாயே, ஒன்னாலதான் பொழச்சேன்."

சாயங்காலம் ஆபீஸ் வாசலில் துரையின் காலில் விழாத குறை.

"தொரை, என்னைக் குறி வெச்சுட்டானுங்க. தகடு துருவேறி இத்துப்போச்சு. தகடு இல்லாம ஓட்டமாட்டேன் தொரை. வேலையிலேருந்து நிறுத்தினாலும் சரி, லைன் வீட்டைப் புடுங்கினாலும் சரி."

துரை பைப்பைக் கடித்தபடி கொஞ்ச நேரம் அவன் மொட்டை மேலுதட்டையே பார்த்தார். பிறகு கிராணி நாகரத்தினத்திடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

"ஒன் பக்கத்துக்குப் புதுசா போட்டுத் தரச் சொல்றாரு" என்றார் கிராணி, அவன் முகத்தைப் பார்க்காமல். "காலைல ஆள் வரும்."

வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய், எண்ணெயில்லாத குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

"பாத்தியாடி? வெள்ளைக்காரன்னாலும் எம்மேல உசுரு."

காலையில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, கொல்லன் வருகிற வழியைப் பார்த்து நின்றான். பனிக்குள்ளிருந்து வந்தது தோட்டத்துத் தச்சன் மாடசாமி. தோளில் ரம்பம். கக்கத்தில் ஒரு மரப்பலகை.

"நீ எங்கப்பா இங்க? நான் இரும்புக்காரனுக்குல்ல காத்திருக்கேன்!"

மாடசாமி பலகையை டிரைவர் சீட்டுக்கு நேராக வைத்து அளவு பார்த்துக்கொண்டே சொன்னான்:

"இரும்பு தொரை சீட்டுக்கடியில மட்டும்தாண்ணே, ஒங்களுக்குப் போன தடவையும் நான்தான் பலகை வெச்சு, மேல பிஸ்கட் டின்னு தகரம் அடிச்சுக் குடுத்தேன்."