ஜமக்காளத்துக்குப் பின்னால்

"கவினு! ஓடியா சாமி! செவுத்துல கரடி படுத்திருக்குது!"

தெய்வநாயகி போட்ட சத்தத்தில், சவரம் செய்துகொண்டிருந்த மகன் பாதி நுரையோடு ஓடி வந்தான். துடைக்கலாமென்று பீரோவை நகர்த்தியிருக்கிறாள். பின்னால் சுவர் முழுக்கக் கன்னங்கரேலென்று பூசணம்!

மதியம் பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். கவினுக்கு முப்பத்துமூன்று வயது. ஜாதகமும் பொருந்தி, பெண்ணுக்கும் பிடித்து, இவ்வளவு தூரம் வந்த வரன் இது ஒன்றுதான். வீடு பார்த்துச் சரியென்றால் நிச்சயம். இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

விளக்குமாற்றை எடுத்து வறவறவென்று தேய்த்தாள். பூசணம் போனது. போய்ப் புதுச் சோபாவிலும் கவினின் நுரையிலும் உட்கார்ந்துகொண்டது.

"ஈரத்துணியில தொடைக்கோணும்மா! வறட்டுக்குத் தேச்சா பறக்கத்தான் செய்யும்!"

"ஈரத்துல வந்ததுக்கு இன்னும் ஈரமா? பெரிய டாக்டரு! போயி பிளீச்சிங் பவுடர எடுத்துட்டு வா!"

பவுடரைக் கரைத்து அடித்ததில் சுவர் திட்டுத் திட்டாக வெளுத்தது. வீடே பஸ் ஸ்டாண்டு கழிப்பறை மாதிரி மணந்தது. வெளுப்பை மறைக்க, மிச்சமிருந்த ரோஸ் பெயிண்டை அடித்தாள். ஈரச் சுவர் ஏற்குமா? எண்ணெயில் போட்ட அப்பளமாய்க் கொப்பளித்தது.

"உள்ளார பைப்பு ஒழுகுதும்மா! தண்ணிய நிறுத்துனாத்தான் காயும்!" என்று கவின் மாடியேறித் தொட்டியையே காலி செய்து, வால்வையும் மூடிவிட்டு வந்தான்.

அதற்குள் அவள் ஆணி அடித்து, பவானி ஜமக்காளத்தைச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள்.

"பாரு, அரமனையாட்ட இருக்குது!"

கார் வந்து நின்றது. பெண்ணின் அப்பாவும் அவர் தங்கை சென்னியம்மாளும் இறங்கி, கால் கழுவ வாசல் குழாயைத் திறந்தார்கள். புஸ்ஸென்று காற்று வந்தது. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளே வந்தும் முகம் தெளியவில்லை. வைத்த காபி ஆறியது.

"பவுடர் வாசம் அடிச்சிருச்சாட்ட இருக்குதுடா," என்று மகனின் காதைக் கடித்தாள் தெய்வநாயகி.

"யோசிச்சுச் சொல்றோமுங்க," என்று பெண்ணின் அப்பா எழுந்தேவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, ஊறிய சுவரிலிருந்து ஆணிகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. ஜமக்காளம் தொப்பென்று விழுந்தது. கறுப்பும் வெளுப்பும் ரோஸுமாக மொத்தச் சுவரும் பல்லிளித்தது!

"ஐயோ, பாக்காதீங்க!" தெய்வநாயகி கைகளை விரித்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். புதுப் பட்டுச்சேலை பின்பக்கமெல்லாம் ரோஸாகியது.

சென்னியம்மாள் அவளை நகர்த்திவிட்டு, சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கை நனைந்தது. வாயெல்லாம் பல்லாகத் திரும்பினாள்.

"உக்காருங்கண்ணா! கொழாயில காத்து வந்ததும் இதுவும் நம்மூராட்டத் தண்ணியில்லாத ஊடுன்னு பயந்துட்டனுங்க. செவுத்துல பூசணம் பூக்குற அளவுக்குத் தண்ணி கெடக்குது, நம்ம புள்ள இங்க கொடம் தூக்க வேண்டியதே இல்லீங்க!"