பாவு முடியட்டும்

ஆடிக்கிருத்திகைக்குச் சொந்தக் காரில்தான் மலை ஏறுவது என்று ஜம்புலிங்கம் சபதம் போட்டபோது அவரிடம் கார் இருந்தது. எஞ்சின்தான் இல்லை.

சபதத்துக்குக் காரணம் காஞ்சனாவின் தம்பி கோதண்டம். அரக்கோணத்தில் நூல் கடை வைத்திருப்பவன், அம்பாசிடர் வைத்திருப்பவன், வாயை மட்டும் சும்மா வைத்திருக்காதவன். போன வருஷக் கிருத்திகையன்று ஜம்புலிங்கம் முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறிப் போய், மேலே நின்றிருந்த மைத்துனன் காரின் நிழலில் சரிந்து உட்கார்ந்தார்.

"பாவா, இவ்ளோ மூச்சு வாங்கறீங்களே, ஒரு காரு வாங்கக் கூடாதா?" என்றான் கோதண்டம், ஜனத்துக்கு நடுவில்.

பக்கத்தில் மொட்டைக்குத் தலை கொடுத்திருந்த ஒருவன் சிரித்தான். கத்தி பட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பு ஜம்புலிங்கத்துக்கு ஆறவே இல்லை.

மெட்ராஸில் ஒரு ஏலத்தில் கார் கிடைத்தது. யாரோ வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன அமெரிக்கக் கார். கதவு இரண்டே. மூக்கு மட்டும் ஒரு கயிற்றுக் கட்டில் நீளம். பந்தயத்தில் பறக்கிற ஜாதி என்றார்கள். எஞ்சினை வேறு யாரோ முன்பே கழற்றிக்கொண்டு பறந்துவிட்டதால் ஏலத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. லாரியில் வந்து வீட்டுக்குப் பின்னால் இறங்கியது. காஞ்சனா அதன் மூக்கின் மேல் மிளகாய் காயப்போட்டாள். எஞ்சின் இருக்கவேண்டிய குழியில் கோழி அடைகாத்தது.

எழுபத்து நாலோ எழுபத்தைந்தோ, பெட்ரோல் விலை ஏறி, கரண்டு இறங்கிய காலம் அது. வைகாசி விசாகம் கழிந்த மறுநாள் மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. ஒன்று எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அந்தக் காருக்கென்றே பிறந்தது. இன்னொன்று ஒரு பழைய வேனிலிருந்து கழற்றிய நாலு சிலிண்டர் டீசல். பிடிக்காததை ஆடிக்கு முன்னால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று வியாபாரியோடு பேச்சு.

ஜம்புலிங்கம் மனசில் எட்டு சிலிண்டரை எப்போதோ எடுத்தாகிவிட்டது. ஆனால் அதைத் தனியாகக் கொண்டுவந்தால் காஞ்சனா பெட்ரோல் விலையைச் சொல்லி வாசலிலேயே மறித்துவிடுவாள். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை கொஞ்சம் சுமாரான தோழனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதில்லையா? டீசல் வந்தது அந்த உத்தியோகத்துக்குத்தான். பரீட்சை என்று ஒன்று நடத்துவது, அதில் டீசலைத் தோற்கடிப்பது. கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் தேசப்பனிடம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். தேசப்பனும் தலையை ஆட்டியிருந்தான். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டுகிறவன் அவன் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"இன்னாங்க இது, ரெட்டைப் புள்ளையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் காஞ்சனா.

"ரெண்டுல ஒண்ணுதான் நமக்கு. நானா முடிவு பண்ண மாட்டேன். நியாயமா ஒரு பரீட்சை வெச்சு..."

"ஆங், வெக்காம எடுக்கவே கூடாது."

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில், அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் அவள் சம்மதித்தது அதுதான் முதல் தடவை. வேறு ஒருவராக இருந்தால் உஷாராகியிருப்பார். ஜம்புலிங்கம் சந்தோஷப்பட்டார்.

தேசப்பன் இரண்டையும் தட்டிப் பார்த்தான். "அண்ணே, ரெண்டுக்கும் புது ரிங் போட்டுக்கீறான். எடுத்த எடுப்புல மலை ஏத்தினா இறுகிப் பூடும். எரநூறு மணி நேரமாவது லேசா லோடு குடுத்து ஒரே சீரா ஓட்டிப் பழக்கணும்."

"ரோட்டுல ஓட்டினா?"

"ரோட்டுல எங்கண்ணே ஒரே சீரு? பஸ்ஸு வரும், மாடு வரும்."

காஞ்சனா டீ டம்ளரை நீட்டினாள். "ஒரே சீரா ஓடணும்னா நம்ம தறி ஷெட்டு கீதே?"

வீட்டை ஒட்டி ஆறு விசைத்தறி. ஆறுக்கும் பொதுவாக மேலே ஒரே இரும்புத் தண்டு, அதைச் சுற்ற ஒரு கரண்டு மோட்டார். ஜம்புலிங்கத்தின் அப்பா போட்ட தறிகள்தான், ஆனாலும் தொழிலை நடத்தியதெல்லாம் காஞ்சனா. அந்த வருஷம் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் கரண்டு நின்றது. தறியும் நின்றது, நெய்கிறவர்கள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள், தீபாவளி லுங்கி ஆர்டரும் பாதியில் நின்றது. அவள் ராத்தூக்கம் கெட்டுப்போயிருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

"முதல்ல அந்த மட்டமானதை ஓட்டிப்புடுங்க. நல்லதைக் கடைசியா வெச்சுக்கலாம்" என்றாள். நல்லது எதுவென்று அவளே சொல்லிவிட்டாளே என்று அவருக்குப் பெருமை. தேசப்பன் தலையை ஆட்டினான்.

கரண்டு போகிற நேரமெல்லாம் டீசல் ஓடியது. புகைந்தது, இருமியது, ஆனால் ஒரே சீராக ஓடியது. ஆறு தறியும் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் தடதடவென்று லுங்கி நெய்தன. ஜம்புலிங்கம் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் ஊற்றி, தண்ணீர் ஊற்றி, ஓடிய மணியைச் சுவரில் கரிக்கோடாகப் போட்டார். சம்பளமில்லாமல் இவ்வளவு அக்கறையாக ஒரு எஞ்சின் டிரைவர் காஞ்சனாவுக்கு வேறு எங்கே கிடைப்பார்? இருநூறு மணி முடிய முப்பத்து மூன்று நாள் ஆனது.

பிறகு எட்டு சிலிண்டரின் முறை. பெல்ட்டை மாட்டி, தேசப்பன் ஸ்டார்ட் பண்ணினான். அந்தக் கர்ஜனையில் ஜம்புலிங்கத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"கொஞ்சம் குடு தேசப்பா!"

அவன் கொஞ்சம்தான் கொடுத்தான். ஆறு தறிக்கும் ஒரே நேரத்தில் பேய் பிடித்தது. இரண்டாம் தறியில் நூலைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டை, ஓடினது போதும் என்று ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. எஞ்சினை நிறுத்தி எல்லோரும் மூச்சு விடுவதற்குள் பக்கத்து வீட்டு வாத்தியார் ஜெபரத்தினம் நாடாவைத் துண்டில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இது உங்க வீட்டுதான்னு பாருங்க. எங்க கொழம்புல இருந்துச்சு."

"ஐயோ சார், யாருக்கும் அடி படலையே?"

"கொழம்புக்குத்தான்."

அவர் போனதும் தேசப்பன் தலையைச் சொறிந்தான். "இதை எரநூறு மணி ஓட்டினா தெருவுல ஒரு கொழம்பும் மிஞ்சாதுண்ணே."

"பரீட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நேரா வண்டில மாட்டு."

"பழக்காம மலை ஏத்தினா, பாதி மலைல நின்னுடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

பாதி மலையில் நிற்கிற கார். பின்னால் அம்பாசிடர். அதன் ஜன்னலில் கோதண்டத்தின் தலை. ஜம்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். கிருத்திகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. பழகிய எஞ்சின் ஒன்றே ஒன்று. எட்டு சிலிண்டரைத் திரும்பிப் போகிற லாரியில் ஏற்றியபோது, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி தெருமுனை வரை கூடவே நடந்தார்.

திரும்பி வந்து, "டீசலைக் கழட்டு தேசப்பா" என்றார்.

"தாராளமா எடுத்துக்கோங்க, உங்க எஞ்சின்தானே" என்றாள் காஞ்சனா. "ஆனா தறில ஓடிக்கினு கீற பாவை அந்தரத்துல விட்டா நல்லாவா கீது? தீபாவளிச் சரக்கு. பாவு முடியட்டும், எடுத்துக்கோங்க."

"எவ்ளோ நாளு ஆவும்?"

"முதல் தறில நாலு முழந்தான் பாக்கி. மத்ததும் பின்னாடியே வந்துடும்."

"பாவு முடிஞ்சதும் எஞ்சின் எனக்கு. அப்புறம் வார்த்தை மாறக் கூடாது."

"மலை மேல கீற முருகன் மேல ஆணை. பாவு முடிஞ்ச அன்னைக்கு நானே கழட்டித் தரேன்."

தேசப்பன் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. திரும்பிக்கொண்டு இருமினான்.

அன்று சாயங்காலமே ஜம்புலிங்கம் ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். முதல் தறியில் பாவு கடைசி முழத்துக்கு வந்திருந்தது. அதன் முன்னால் மகள் கமலா சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற கமலா?"

"பாவு பிணைக்கிறேன் நைனா."

ஜம்புலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். நெசவு வீட்டில் பிறந்தவர், தொட்டிலே தறி மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தது. ஒரு பாவு தீரும் முன் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையின் நுனியோடு முறுக்கிப் பிணைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். எஞ்சின் நினைப்பில் அது எங்கோ மறந்து தொலைந்திருந்தது.

"காஞ்சனா!"

"இன்னாங்க?"

"பாவு முடிஞ்சதும்னு சொன்னியே!"

"இப்பவும் அதையேதான் சொல்றேன். முடிஞ்சாத் தாராளமா எடுத்துக்கோங்க."

"எப்போ முடியும்?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? உங்க நைனா தறி போட்ட நாள்லேர்ந்து இந்த வீட்டுல பாவு முடிஞ்சதே இல்லியே."

ஜம்புலிங்கம் மறுபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முருகன் மேல் ஆணை வேறு இருந்தது, அதில் ஒரு எழுத்துக்கூட அவள் மீறவில்லை. டீசல் ஓடிக்கொண்டே இருந்தது. விடாத பழக்கம், அவரே போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்.

கிருத்திகையன்று விடியும்போதே தெருவெல்லாம் காவடி, அரோகரா. ஜம்புலிங்கம் சட்டை போடாமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். சபதம் போட்டது ஊருக்கே தெரியும். வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். வெட்கத்தில் நிஜமாகவே வயிறு வலித்தது.

காஞ்சனா சலவை வேட்டியோடு வந்தாள். "எழுந்து கெளம்புங்க. வண்டி ரெடி."

வெளியே வந்து பார்த்தார். மிளகாயைக் காணோம். கார் கழுவித் துடைத்து, மூக்கில் சந்தனம் குங்குமம், கதவில் மாலை. பொல்லாத ஆசை ஒன்று அவருக்குள் துள்ளியது. தேசப்பன் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிட்டானோ? ஓடிப் போய் மூடியைத் தூக்கினார். உள்ளே இரண்டு முட்டை இருந்தது.

அதற்குள் தெருவில் அம்பாசிடர் ஹார்ன் கேட்டது. கோதண்டம் இறங்கினான், பாவாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான், டிக்கியைத் திறந்தான். கை மொத்தத்தில் ஒரு வடக்கயிறு வெளியே வந்தது. ஒரு நுனியை அம்பாசிடரிலும் மறு நுனியை அமெரிக்கக் காரிலும் கட்டினான்.

"ஏறுங்க பாவா. சொந்தக் காருலதானே மலை ஏறணும்னீங்க? ஸ்டீரிங்கை மட்டும் ஆடாம புடிச்சுக்கோங்க."

காஞ்சனா தம்பி வண்டியின் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஊர் பார்க்க, காவடிகள் ஒதுங்கி வழிவிட, ஜம்புலிங்கம் சொந்தக் காரில், மைத்துனன் பின்னாலேயே, மலை ஏறினார். மூச்சு மட்டும் வாங்கவில்லை.

மேலே சேர்ந்ததும் ஒரு சந்தேகம் மட்டும் அவரை அரித்தது. "ஏண்டா, நூல் கடைக்காரனுக்கு வடக்கயிறு எப்படிடா கைல இருக்கும்?"

"அக்காதான் கடுதாசி போட்டிருந்தாங்க பாவா" என்று கோதண்டம் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தான்.

காஞ்சனாவின் குண்டுக் கையெழுத்து. 'கிருத்திகைக்கு வரும்போது நல்ல வடக்கயிறாக ஒன்று எடுத்து வா. உன் பாவா வண்டியில் எஞ்சின் இருக்காது.'

மூலையில் தேதி போட்டிருந்தாள். வைகாசி விசாகத்துக்கு மறுநாள், எஞ்சின் இரண்டும் வந்து இறங்கிய அன்றே.