பெண் பார்க்கப் போய் ஃபேக்டரியை அணைத்த கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டே வேலை. கேசரியைச் சாப்பிட வேண்டும். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாயால் செய்ய வேண்டியிருப்பதால்தான் என்னைப் போன்றவர்கள் கோட்டை விடுகிறோம்.

ரிங்லெட்டில் தேவி வீட்டுக்கு அம்மாவோடு போயிருந்தேன். தேவியின் அப்பா, லெம்பா பெர்த்தாமிலிருந்து காய்கறி ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். "தம்பிக்கு என்னா வேல?" என்றார்.

தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். (நிறுத்தினால் அது நானில்லையே.) "வீட்டுல உக்காந்தே ஃபேக்டரிய ஓட்டுவேன் மாமா" என்றேன். பெண்ணையே இன்னும் தரவில்லை, அதற்குள் மாமா.

"லோரில ஏறாம லோரி ஓட்ட முடியுமாலா?" என்றார் அவர்.

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். (பெண் பார்க்க லேப்டாப்போடு போன ஒரே மாப்பிள்ளை, கேமரன் மலையில் நானாகத்தான் இருப்பேன்.) ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்ததும், மலைக்கு மேலே ஆபீசில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரின் திரை என் திரை முழுவதும் விரிந்தது. அங்கே ஆபீஸ் கணக்கெழுதும் மாரிமுத்து கிராணி, தேயிலைக் கொழுந்து ஏற்றி வந்த லோரிகளின் எடையைப் பதிந்துகொண்டிருந்தார். எண்கள் தானாக விழுவதைப் பார்த்து மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் மவுஸை இந்தப் பக்கம் இழுத்தேன். கிராணி அந்தப் பக்கம் இழுத்தார். அம்புக்குறி நடுவில் மாட்டிக்கொண்டு நடுங்கியது.

"யாரு ஜெயிக்கிறா?" என்றாள் கதவருகே நின்ற தேவி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போதும் என்கிற பாவனையில், அலட்சியமாக லேப்டாப்பை அணைத்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன். திரை இருண்டது. மறு நிமிடம் என் லேப்டாப் கொஞ்சமும் அணையாமல் பளிச்சென்று எதிரே நின்றது. நான் அணைத்தது மலைமேல் இருந்ததை.

ஆபீஸ் போனிலிருந்து கிராணி கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. வெளிய லோரி வரிசையா நிக்குது. எட போடாம கொழுந்த எறக்க முடியாது, உள்ள வெந்துக்கிட்டு இருக்கு."

"பட்டன அமுக்குங்கண்ணே."

"அமுக்கிட்டேன். பாஸ்வேர்டு கேக்குது."

அது என் ஏற்பாடு. பாதுகாப்பு என்ற பெயரில், கண் விழிக்கும்போதே கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டி வைத்திருந்தேன். அதைத் தாண்டி அது எழுந்தால்தான் ரிமோட்டும் வேலை செய்யும். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல நேராது என்ற தைரியத்தில் வைத்த பாஸ்வேர்டு வேறு.

"மெசேஜ்ல அனுப்புறேன்ணே."

"ஆபீஸ் போனுக்கு மெசேஜா? வாயால சொல்லுலா. ஸ்பீக்கர்ல போட்டுட்டேன்."

சிங்க் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கத்தித்தான் ஆக வேண்டும். கத்தினேன்.

"இனிமேல் நான்தான் துரை."

"என்னாது?"

"பாஸ்வேர்டுண்ணே. இனிமேல் நான்தான் துரை. ரூமி எழுத்துல அடிங்க, ஏபிசிடில. எல்லாம் சின்ன எழுத்து."

(எஸ்டேட்டில் துரை என்றால் மேனேஜர். அவருக்கு மேலே கம்பெனியும் கடவுளும்தான்.)

"தப்புங்குது. இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன். சமையலறையிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கேசரித் தட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

போனில் வேறொரு குரல் கேட்டது. "கிராணி, யாரு அது புது துரை?"

கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய்க்கார துரை. அவருக்குத் தமிழ் தெரியாது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் எழுந்தது. லோரிகள் நகர்ந்தன. நான்தான் எழவில்லை.

"நாளைக்கு வேல இருக்குமா தம்பி?" என்றார் மாமா. அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தாள்.

"இருங்க அத்த" என்றாள் தேவி. "இவரு மனசுல இருக்கிறது ரோடு வரைக்கும் கேட்டுருச்சு. இனிமே விசாரிக்க என்னா இருக்கு? எனக்குச் சம்மதம்."

வேலை போகவில்லை. மறுநாள் துரை எழுந்து நின்று, தன் நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க துரை" என்றார். பாஸ்வேர்டை அவரே மாற்றினார். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்ப வேண்டியிருந்தால், இன்றும் அவர்தான் வந்து கையால் மறைத்துக்கொண்டு அடிக்கிறார். நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன்.

வீட்டிலும் அதே மரியாதைதான். குப்பைப் பை நிறைந்ததும் தேவி பிள்ளைகளிடம் சொல்லுவாள்: "போயி துரைய வரச்சொல்லு."

துரை வருவார். எடுத்துக்கொண்டு போவார்.